மூன்றாவது பிரதி

பள்ளிக்கூடத்தில் இம்போஸிஷன் எழுதாதவர்கள் பாக்கியசாலிகள். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. "வகுப்பில் பேச மாட்டேன்" என்று நூறு தடவை எழுதச் சொன்னால், 'வகுப்பில்' என்ற சொல்லை நூறு வரிகளிலும் எழுதி முடித்துவிட்டுப் பிறகுதான் 'பேச'வுக்கு வருவேன். உபாத்தியாயரும் அதைப் படித்ததில்லை. பக்கங்களை எண்ணிப் பார்த்துக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எழுதியவனும் படிக்கவில்லை, எழுதச் சொன்னவரும் படிக்கவில்லை!

சில மாதங்களுக்கு முன் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நண்பர் தம் ஏழாம் வகுப்பைப் பார்க்க அழைத்தார். தாழ்வாரச் சுவரில் நீளமாக ஒரு பலகை. பிள்ளைகள் சொந்தக் கையெழுத்தில் எழுதிய தாள்கள் அதில் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் நாலு விரற்கடை இடம் காலியாக இருந்தது.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"படிக்கிறவங்க எழுதறதுக்கு, சார்!" என்றான் ஒரு பையன்.

அந்த ஊரில் அதைக் கேட்டதும் வேறொரு மாணவனின் ஞாபகம் வந்தது. 1896-ஆம் ஆண்டு, ஆகஸ்டு 29. மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் வீட்டில் உட்கார்ந்து இம்போஸிஷன் எழுதிக் கொண்டிருந்தான். பெயின் என்பவருடைய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை பார்த்து எழுத வேண்டும். இரண்டு பிரதி முடிந்தது. மூன்றாவதை எழுத மனம் வரவில்லை. காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டான். அன்றைக்கே அண்ணனுடைய கல்லூரிச் சம்பளப் பணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

அவருடைய ஞானத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் பேச வந்தது, அன்றைக்கு அவர் எழுதிய காகிதங்களைப் பற்றி. இலக்கணப் பாடத்தின் பிரதிகளை யாரும் தேடவில்லை. ஆனால் புறப்படுமுன் அண்ணனுக்கு எழுதி வைத்தாரே சில வரிகள், தேட வேண்டாம் என்றும், சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதனுடன் இருக்கிறது என்றும்—அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவர் இருந்தார் அல்லவா?

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவினியூ இலாகா அலுவலர் அவரிடம் வந்து சில கேள்விகள் கேட்டார். அப்போது அவர் பேசுவதில்லை. பதில்களை எழுதியே காட்டினார். கேட்டவர் அவற்றைப் பத்திரப்படுத்தினார். 1923-இல் அவை 'நான் யார்?' என்ற நூலாக அச்சேறின. தண்டனைக்காக எழுதுவதை வெறுத்த கை, ஒருவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டபோது எழுதத் தயங்கவில்லை.

இதையே வகுப்பறை முறையாக்கியவர் பிரெஞ்சுக்காரரான செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. 1920-களில் தென் பிரான்ஸின் மலைக் கிராமமான பார்-ஸுர்-லூவில் ஒரு சிறு அச்சு இயந்திரத்தை வகுப்புக்குள் கொண்டு வந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையை எழுதினார்கள். தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அச்சான தாள்கள் பிரிட்டனி கடற்கரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குப் போயின. அங்கிருந்து பதில்கள் வந்தன. கடலைப் பற்றி எழுதும் பிள்ளைகளுக்கு மலையைப் புரியவைக்க வேண்டுமென்றால், தெளிவாக எழுதித்தானே ஆக வேண்டும்? நம் தமிழ்நாட்டிலும் பள்ளிக் கல்வித் துறை 2022-இல் 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழைத் தொடங்கி, மாணவர்களின் படைப்புகளுக்கு இடம் தந்தது.

நண்பர் பலகையில் ஒரு தாளைக் காட்டினார். எழுதியவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஊரே திரண்டு நடக்கும்போது, அவள் அம்மா ஓரமாகச் சுக்குக் காபி விற்கிறாள். மகள் இரவு இரண்டு மணி வரை தம்ளர் கழுவுகிறாள். 'எல்லோரும் நிலாவைப் பார்ப்பார்கள். நான் வாளியில் பார்ப்பேன்' என்று எழுதியிருந்தாள்.

"மாதத்தில் ஒரு நாள் வகுப்பில் தூங்குகிறாள் என்று எத்தனை தடவை நிற்க வைத்திருப்பேன், சார்!" என்றார் நண்பர். அவர் குரல் தாழ்ந்தது. "இதை ஒட்டலாமா என்று அவளையே கேட்டேன். நாலு பேர் பார்க்கிற இடம் அல்லவா? ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து, 'அம்மா பேரை மட்டும் எடுத்துடுங்க, மத்ததெல்லாம் இருக்கட்டும்' என்றாள்."

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் எழுத்தாளர்கள் ஆயுள் முழுவதும் தடுமாறுகிறோம். அந்தக் குழந்தைக்கு ஒரே நாள் போதுமானதாக இருந்தது.

தாளின் அடியில் யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்கள்: 'எத்தனை தம்ளர்?'

அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்தில் பதில்: 'எண்ணவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு எண்ணிச் சொல்கிறேன்.'