சஞ்சுவுக்கு ஜடேஜா சரியா? ஓவேலியில் கேட்ட விவாதம்

2025 ஐபிஎல் முடிஞ்சதிலிருந்து நவம்பர் வரைக்கும் கிரிக்கெட் பார்க்கிறவங்க நடுவுல ஒரே பேச்சுதான். ராஜஸ்தான் சஞ்சு சாம்சனைக் கொடுத்தா, பதிலுக்குச் சென்னை யாரைக் கொடுக்கலாம்?

இந்தச் சண்டையை நான் ரொம்ப சூடாக் கேட்டது ஓவேலியில. கூடலூர் பக்கத்துல இருக்கிற தேயிலை மலை அது. கேரளாவும் தூரமில்ல. டீக்கடையில தமிழும் மலையாளமும் கலந்துதான் கேட்கும். சஞ்சு திருவனந்தபுரத்துக்காரர். அதனால மலையாளம் பேசுற பசங்களுக்குத் திடீர்னு மஞ்சள் ஜெர்சி மேல பாசம். "அதுக்காக ஜடேஜாவைக் கொடுப்பாங்களா? 2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்ச ஆளுப்பா"னு எதிர்ப்பக்கம்.

நவம்பர் 15 அன்னிக்கு அதுவே நடந்துச்சு. சஞ்சு 18 கோடிக்குச் சென்னை வந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் போனாங்க. சென்னைக்கு 12 சீசன் ஆடின ஜடேஜாவோட தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாச்சு.

யாருக்கு லாபம்னு நான் சொல்லப் போறதில்ல. அந்த விவாதத்துல யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. மாத்தப்படுற ஆளுக்குச் சம்மதமா? இப்போ விதிப்படி வீரரோட ஒப்புதல் வேணும். ஆனா 2010-ல இதே ஜடேஜா, இதே ராஜஸ்தான்ல இருந்தப்போ, தானாவே வேற அணியோட பேசினார்னு ஒரு சீசன் முழுக்கத் தடை போட்டாங்க. அணிகள் பேசிக்கிட்டா அது டிரேட். ஆட்டக்காரர் பேசினா அது குற்றம்.

ஓவேலியில இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். கூடலூர், பந்தலூர் பகுதியில வாழுற பல குடும்பங்கள் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவை. 1964 அக்டோபர் 30 அன்னிக்கு சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. அந்தத் தொழிலாளர்களோட தலைவர்களைக்கூடக் கலந்து பேசல.

அப்படிக் கிளம்பினவங்க தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமைத் தாண்டி இந்த மலைகளுக்கு வந்தாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல தமிழக அரசு நீலகிரியில தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சது. இன்னிக்கு அதை டான்டீனு சொல்றோம்.

ரெண்டும் ஒண்ணுனு நான் சொல்லல. ஜடேஜாவுக்குப் பதினாலு கோடி இருக்கு, வேண்டாம்னு சொல்ற உரிமையும் இருக்கு. பிறந்த ஊரை விட்டுக் கிளம்பின அந்தத் தோட்டத் தொழிலாளிக்கு ரெண்டுமே இல்ல. ஆனா ஆளை எண்ணிக்கையா மட்டும் பார்க்கிற பழக்கம் ரெண்டு இடத்துலயும் இருக்கு. அடுத்த டிரேட் சீசன்லயும் நாம பட்டியல் போடத்தான் போறோம். அப்போ ரன்னையும் விக்கெட்டையும் எண்ணுறதுக்கு முன்னாடி, அவர் போக விரும்புறாரானு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.