இறைச்சி வண்டி முதல் பார்சல் வண்டி வரை

சென்ற மழைக்காலத்தில் ஓர் அந்திப் பொழுது. நம் குடியிருப்பின் வாயிலை அடுத்த திருப்பத்தில், இருசக்கர வண்டியில் பார்சல் கொண்டுவந்த இளைஞர் ஒருவர் சறுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. வலி தாளாமல் அவர் அரற்றிய தமிழ்ச் சொற்கள் செவியிற் படவே, நம்மவர் சிலர் மாடிப்படி இறங்கி ஓடினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இம்மாநகருக்கு வந்த பிள்ளை அவர். மருத்துவமனையிற் சேர்த்த பின்னர், அவருக்கு வேலை தந்த நிறுவனத்துக்குச் செய்தி சொல்லப்பட்டது. "அவர் எங்கள் ஊழியர் அல்லர், எங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்ட கூட்டாளி" என்பதே கிடைத்த விடை. "கூட்டாளி என்றால் இலாபத்திலும் பங்கு உண்டோ?" என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் கேட்டார். விடை சொல்வார் எவரும் இல்லை.

வேலையில் அடிபட்டவனுக்கு ஈடு செய்வது யார் பொறுப்பு என்னும் வினா பழமையானது. சட்ட உலகில் அவ்வினா பெரிதாக எழுந்ததும், பொருள் கொண்டு சென்ற பணியாள் ஒருவன் வண்டியிலிருந்து வீழ்ந்தமையால்தான். அவ்வரலாற்றை அன்பர்கள் அறிதல் நன்று எனக் கருதியே இச்சிறு கட்டுரையை ஆண்டு விழா மலருக்கு எழுதத் துணிந்தேன்.

1835ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஃபௌலர் என்னும் இறைச்சி வணிகரிடம் பிரீஸ்ட்லி என்னும் இளைஞன் வேலை பார்த்து வந்தான். எஜமானரின் சரக்கை வண்டியில் ஏற்றிச் செல்வது அவனுக்கு இடப்பட்ட பணி. ஒரு நாள் வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்டது. பாரம் தாங்காமல் வண்டி வழியிலேயே பழுதுற, பிரீஸ்ட்லி கீழே வீழ்ந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தான். எஜமானர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. லிங்கன் நகரில் கூடிய ஜூரிகள் அவனுக்கு 100 பவுன் நஷ்ட ஈடு தரவேண்டும் என்றனர்.

ஆனால் 1837இல் மேல் மன்றத்தில் நீதிபதி அபிங்கர் பிரபு அத்தீர்ப்பை மாற்றிவிட்டார். அவர் கூறிய காரணங்கள் சிந்தனைக்குரியவை. இதற்கு எஜமானர் பொறுப்பாளி எனின், சமையற்காரர் செய்த தவறால் உணவு கெட்டு வேலையாள் நோயுற்றாலும் அவரே பொறுப்பாளி ஆவார். பணிப்பெண் ஈரமான படுக்கையை விரித்ததால் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரே பொறுப்பாளி ஆவார். இதற்கு எல்லையே இராது என்றார். வண்டியின் நிலை வேலையாளுக்கும் தெரிந்திருக்கக் கூடியதுதான். ஆபத்து என்று தோன்றினால் அவன் ஏற மறுத்திருக்கலாம் என்பதும் அவர் வாதம். மறுத்தவனுக்கு மறுநாள் வேலை உண்டா என்பதைத் தீர்ப்பு ஆராயவில்லை!

இத்தீர்ப்பிலிருந்து கிளைத்து வளர்ந்ததே உடனூழியர் விதி. ஒரே எஜமானரிடம் வேலை செய்யும் இருவருள் ஒருவர் கவனக்குறைவால் மற்றவர் அடிபட்டால், எஜமானருக்குப் பொறுப்பு இல்லை என்பது அவ்விதி. இரயில் பாதைகளும் சுரங்கங்களும் ஆலைகளும் பெருகிய நூற்றாண்டு அது. நூற்றுக்கணக்கானோர் கூடி உழைக்கும் இடத்தில், விபத்து பெரும்பாலும் மற்றோர் ஊழியரின் கையால்தானே நேரும்? ஆகவே அடிபட்டோருள் பலர் வெறுங்கையராய் வீடு திரும்பினர்.

இந்நிலையை மாற்றும் முயற்சியில் ஜெர்மனி முந்திக்கொண்டது. பிஸ்மார்க் ஆட்சியில் 1884இல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்து 1880இல் ஒரு சிறு சட்டம் இயற்றிப் பார்த்தது. அது போதாமையால் 1897இல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1906இல் அது ஏறக்குறைய எல்லாத் தொழில்களுக்கும் விரிந்தது. இச்சட்டங்களின் உட்கருத்து ஒன்றே. "யார் தவறு?" என்று கேட்பதை விடுத்து, "வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்ததா?" என்று மட்டும் கேட்க வேண்டும். இயந்திரம் தேய்ந்தால் அதைப் பழுது பார்க்கும் செலவு முதலாளியின் கணக்கில் ஏறுகிறது. அவ்வாறே மனிதன் அடிபட்டால் அச்செலவும் தொழிலின் கணக்கிலேயே ஏறவேண்டும் என்பது அதன் நியாயம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1855இல் இயற்றப்பட்ட உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்படி, இறந்தவரின் குடும்பத்தார் பிறர் தவறை மெய்ப்பித்தாலன்றி ஈடு பெற இயலாது. கூலிக்காரரின் விதவை வக்கீல் வைத்துத் தவறை மெய்ப்பிப்பது எங்ஙனம்? முதல் உலகப் போருக்குப் பின் காற்றுத் திசை மாறியது. 1918இல் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது நமக்கெல்லாம் பெருமை தருவது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும், 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸும் பிறந்தன. இச்சூழலில்தான் 1923இல் இந்தியத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

அன்று அது தந்த தொகை சிறிது. மரணத்துக்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது; உழைக்கும் ஆற்றலை என்றைக்குமாக முற்றிலும் இழந்தவருக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது. தொகை சிறிதாயினும் ஏற்பாடு பெரிது. தவறு யாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திராமல், இதற்கென்றே அமர்ந்த கமிஷனரிடம் மனுக் கொடுக்கலாம். இறந்தவர்க்குரிய பணத்தை முதலாளி அவரிடமே கட்ட வேண்டும். ஏழை விதவையிடம் கையில் ஐம்பதைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கும் வழி அதனால் அடைபட்டது. நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. மற்றொரு பிரிவு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தன் தொழிலின் பகுதியாகிய வேலையைக் காண்டிராக்டர் மூலம் செய்வித்தாலும், அவ்வேலையில் அடிபட்டவருக்கு முதலாளியே ஈடு தர வேண்டும். பிறகு அவர் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இடையில் ஒருவரை நிறுத்திப் பொறுப்பிலிருந்து நழுவுவதை நூறாண்டுக்கு முன்பே சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்திருந்தனர்!

வழியில் உழைப்போர் நிலை என்ன? ஈட்டியும் மணியும் ஏந்திக் காட்டு வழியே தபால் மூட்டை சுமந்து ஓடிய ஓட்டக்காரர்களை நம் பாட்டனார் கண்டிருப்பர். ஊரிலிருந்து அப்பளமும் வடகமும் தபால் பார்சலாக வந்த நாட்களை நம்முள் பலர் மறந்திரார். அத்தகையோரும் படிப்படியாகச் சட்டத்தின் நிழலுக்கு வந்தனர். அஞ்சல் துறையில் வெளி வேலை செய்வோரும், இயந்திர விசையால் ஓடும் வண்டிகளில் வேலை செய்வோரும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம் பெற்றனர். உடனூழியர் விதியை 1938இல் இந்தியச் சட்டமும், 1948இல் இங்கிலாந்துச் சட்டமும் அகற்றின. 1948இல் தொழிலாளர் அரசு காப்புறுதிச் சட்டம் வந்து, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் முதன்முதல் தொடங்கிற்று.

நீதிமன்றங்களும் துணை நின்றன. பம்பாயில் பஸ் டிரைவர் ஒருவர் வேலை முடிந்து, தம் நிறுவனத்தின் வேறொரு பஸ்ஸில் வீடு திரும்புகையில் விபத்தில் இறந்தார். வண்டியை டிப்போவில் விட்டபோதே வேலை முடிந்துவிட்டது என்று வாதிக்கப்பட்டது. 1963இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அப்பயணமும் வேலையைச் சார்ந்ததே எனத் தீர்த்தது. ஒரிசாவில் தச்சர் ஒருவர் 1968இல் வேலையின்போது விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கை எஞ்சியிருக்கிறதே என்ற வாதத்தை 1975இல் அதே மன்றம் தள்ளியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாதாகலின் அவர் இழப்பு முழு இழப்பே என்றும், விபத்து நேர்ந்த அன்றே ஈடு தரும் கடமை எழுகிறது என்றும் உரைத்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் தற்காலிகக் கூலியாட்களை விலக்கிவைத்த சொற்களை நீக்கியது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் பெயரிலேயே 'தொழிலாளர்' என்பதை 'ஊழியர்' என மாற்றியது.

இவ்வாறு ஒவ்வொரு வாயிலாகத் திறந்துவந்த வேளையில்தான் கைப்பேசி வழி வேலை தரும் நிறுவனங்கள் எழுந்தன. பார்சலும் உணவும் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர் எந்நேரம், எவ்வழி, எவ்வளவு கூலிக்கு ஓடவேண்டும் என்பதைப் பெரிதும் நிறுவனத்தின் கணக்கே தீர்மானிக்கிறது. ஆயினும் அவர் ஊழியர் அல்லர் என்கின்றனர். நீதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இத்தகைய தொழிலாளர் 77 இலட்சம் பேர் எனவும், 2029-30இல் 2.35 கோடியாகக் கூடும் எனவும் மதிப்பிட்டது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 2020இல் நிறைவேறிய இச்சட்டம் ஊழியர்க்குரிய நஷ்ட ஈட்டை ஒரு தனி அத்தியாயமாக வைத்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருப்பின் அது கணக்கிற் கொள்கிறது. கைப்பேசி வழித் தொழிலாளரை நாடு தழுவிய சட்டமொன்று பெயரிட்டு ஏற்றதும் இதுவே முதன்முறை. அவர்கட்கென நிறுவனங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 விழுக்காடு வரை, ஆனால் அத்தொழிலாளர்க்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல், நிதி செலுத்த வேண்டும். 2023இல் இராஜஸ்தானமும், 2025இல் கர்நாடகமும் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் அமைந்தது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் வேறுபாடு ஒன்றை நாம் மறத்தலாகாது. ஊழியர் எனப்பட்டவருக்கு அடிபட்ட அன்றே ஈடு கேட்கும் உரிமை பிறக்கிறது. கூட்டாளி எனப்பட்டவரோ அரசு வகுக்கும் திட்டத்தையும், அதில் தம் பெயர் பதிந்துள்ளதா என்பதையும் நோக்கி நிற்க வேண்டியவராகிறார். "தெரிந்தேதானே வண்டியில் ஏறினாய்?" என்று பிரீஸ்ட்லியை அன்று கேட்டனர். "தெரிந்தேதானே கூட்டாளியாக ஒப்பினாய்?" என்று இன்று கேட்கின்றனர். வினாவின் சொல் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை.

அப்பிள்ளையின் கால் தேறிவருகிறது. ஈடு குறித்த கடிதப் போக்குவரத்து முடிந்தபாடில்லை. அன்று உதவிய நம்மவருள் ஒருவர் விபத்தின் நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்தார். மற்றொருவர் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்தார். கல்லூரி மாணவி ஒருத்தி, அவர் கைப்பேசியில் அன்றைய பார்சலின் எண் தெரிந்த பக்கத்தைப் படமெடுத்தாள். மருத்துவமனைச் சீட்டோடு இம்மூன்றுமே இப்போது அவர்க்குள்ள சான்றுகள். நம் வாயிலில் நாளை வேறொருவர் விழக்கூடும். அவர் தமிழராக இருக்கலாம், பீகாரியாக இருக்கலாம். தண்ணீர் தருவதோடு நில்லாமல் இவற்றையும் குறித்துக் கொடுப்போம். இ-ஷ்ரம் பதிவு செய்யாதவர்க்குப் பதிவு செய்து தருவோம். ஊர்விட்டு ஊர் வந்து ஒருவரையொருவர் தாங்குவதற்கே சங்கம் கண்டோம். வாயில்வரை வந்து திரும்பும் அவ்விளைஞரும் ஊர்விட்டு வந்தவர்தாமே!