காவிரிக் கிளையாறுகள்

குடகு மலையின் மழைக்காடுகளுக்கு நடுவே தலைக்காவிரியில் பிறக்கும் காவிரி, சுமார் 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. ஏமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி எனப் பெரிய துணையாறுகள் வந்து கலப்பது கரூர்ப் பக்கத்தோடு முடிகிறது. முக்கொம்பிலிருந்து ஆறு பிரியத் தொடங்குகிறது. அமேசான் கடலை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும். காவிரி ஒடுங்கிக்கொண்டே போய், பூம்புகாரில் வாய்க்கால் அளவுக்கு வந்துவிடுகிறது. வழியெல்லாம் வயல்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. அங்கிருந்து கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று போகிறது. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் விழுகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, மண்ணியாறு, வீரசோழன் கிளைக்கின்றன. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிந்து நாகூருக்குப் போகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பு எனும் நீர்பிரி மதகில் அதே வெண்ணாறு மறுபடி பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை நோக்கித் தெற்கே திரும்புகின்றன. பாசனம் கொடுக்கும் ஆறே ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகாலும் ஆகிறது. டெல்டாவின் பலமும் சங்கடமும் இதுதான்.

இந்தப் பிரிவுகளை மனிதர்கள் கைக்கொண்ட வரலாறு நீண்டது. கல்லணையைக் கரிகாலன் கட்டியதாக மரபு சொல்கிறது. மணற்படுகையில் நிற்கும் அந்தப் பழைய அணையின் நீளம் சுமார் 1,080 அடி. முடிகொண்டான், வீரசோழன் என்ற ஆற்றுப் பெயர்களில் சோழர் பட்டங்கள் இன்றும் வழங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் பெரிய ஆபத்து வந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. நீர் அதிலேயே இறங்கியதால் காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வறண்டது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கி முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுப்பினார். மணலில் அடித்தளம் போடும் நுட்பத்தைக் கல்லணையிடமிருந்தே கற்றதாக அவரே எழுதினார். தஞ்சைக்காரர்கள் பெருமையோடு சொல்லவேண்டிய செய்தி இது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. புது ஆறும் அந்தத் திட்டத்தில் பிறந்து, மேட்டு நிலமான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தை நஞ்சையாக்கியது.

மேட்டூரில் 120 அடிக்குத் தண்ணீர் நின்றால் 93.47 டி.எம்.சி. குறுவைக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அடுத்த சில நாளில் கல்லணை திறக்கும்போது ஊரார் பூவும் விதைநெல்லும் தூவுவார்கள். நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு வரும். பிறகு ஒவ்வொரு தலைப்பிலும் பாசனப் பணியாளரான லஸ்கர் ஷட்டரை ஏற்றி இறக்கி, முறை வைத்து விடுவார். தண்ணீர் குறைந்த ஆண்டில் அந்த முறைதான் கடைமடைக்காரருக்குச் சோறு.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்தன. கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்குப் பாய்ந்த அதே நாட்களில் கடைமடை வயல்கள் தண்ணீருக்குக் காத்திருந்தன. ஆகவே பெரிய அணையைப் பார்க்கும் அக்கறையோடு ஆறுகளையும் வாய்க்கால்களையும் ஜூன் பிறக்கும் முன்பே தூர்வாரி முடிக்கவேண்டும்.