நடந்து வந்தவர் எங்கே படுத்தார்?

பதிவு கொஞ்சம் நீளம். சாயா குடித்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பழைய ஆட்கள் தூரத்தை மைல் கணக்கில்கூடச் சொல்ல மாட்டார்கள். "ரெண்டு நாழிகை வழி" என்பார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் ஒரு ஆள் சாதாரணமாக நடந்து கடக்கிற தூரம்தான் ஒரு நாழிகை வழி. இன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வரும். தலையில் சுமை இருந்தால் குறையும், மழை பெய்தால் இன்னும் குறையும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், "அப்போ ஓடுனா தூரம் கூடுமா சார்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான்!

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. நாலு வழிச் சாலை வேலை தொடங்கிய பிறகு நம் மாவட்டத்தில் ஊருக்கு வெளியே புதிது புதிதாக ஹோட்டல், ரிசார்ட், மண்டபம் என்று வந்துகொண்டிருக்கின்றன. கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது. "கார் இல்லாத ஆள் அங்கே எப்படிப் போவது?" என்று கேட்டால்தான் யாரிடமும் நேரான பதில் இல்லை. ஆனால் நம் முன்னோர் தங்குமிடம் கட்டியபோது முதலில் கேட்டதே இந்தக் கேள்வியைத்தான். நடந்து வருகிறவருக்கு எந்த இடத்தில் கால் ஓயும்? எந்த இடத்தில் தண்ணீர் தவிக்கும்? எங்கே இருட்டிவிடும்? அந்த இடத்தில் கட்டினார்கள்.

முதலில் சுமைதாங்கியைச் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருப்பார்கள். ஆள் உயரம்தான் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதில் நகர்த்தி வைத்துவிட்டு நிற்கலாம், பிறகு அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். கீழே இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டுமே! பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர் இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம். யோசித்தால் தொண்டை அடைக்கும்.

அடுத்தது வழியம்பலம். நான்கைந்து கல்தூண், கற்பலகைக் கூரை, இடுப்பளவு உயரத்தில் தளம், கூடவே ஒரு கிணறு. கதவு இல்லை, பூட்டும் இல்லை. வெயில் காலத்தில் மோர் ஊற்றுவதற்கு நிலம் எழுதிவைத்தவர்களும் உண்டு. அதற்கும் மேலே சத்திரமும் ஊட்டுப்புரையும். ஊட்டுப்புரை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். ஒரு தளத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற நீளக்கூடம், மேலும் கீழுமாக இரண்டு தளம். ஊறுகாய் போட்ட பெரிய பெரிய பரணிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் பிள்ளைகள் அந்தப் பரணியை விட்டு நகரமாட்டார்கள்.

இதுவரை படித்துவிட்டு "அந்தக் காலமே பொற்காலம்" என்று யாரும் எழுத வேண்டாம். அந்த ஊட்டுப்புரைச் சோறு பிராமணருக்கு மட்டும். அரசாங்கச் செலவில், அதாவது எல்லாரும் கொடுத்த வரியில், ஒரு சாராருக்கு மட்டும் இலை போட்டார்கள். வரி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது. ஊட்டுப்புரையை விடுங்கள், வழியே எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு நடந்து போகிறவர் சுசீந்திரத்தைத் தாண்ட வேண்டும். அங்கே கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக் கூடாது என்று கட்டு இருந்தது. வைக்கம் போராட்டம் 1924-25-ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1926-ல் சுசீந்திரத்திலும் சத்தியாகிரகம் நடந்ததை நம் மாவட்டத்துப் பிள்ளைகளே அறியவில்லை. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்து கோயிலே திறந்த பிறகுதான் தெருவுக்கும் முழு விடிவு வந்தது. கிணறும் அப்படியே. சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கக் கிணறு வெட்டினார் என்றால், அதற்கு முன் எந்த நிலைமை இருந்தது என்று நாமே புரிந்துகொள்ளலாம். காலால் அளந்து கட்டினார்கள் என்பது உண்மை. யாருடைய கால் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வெள்ளைக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் தனி ஏற்பாடு இருந்தது. முசாவரி பங்களா. 'முசாபிர்' என்றால் அரபியில் பயணி. தொழுகையைப் பயணத்தில் சுருக்கித் தொழுகிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். பெயர் என்னவோ எல்லாப் பயணிக்கும் பொதுவான பெயர்தான், உள்ளே படுத்தவர்கள் வேறு!

நம் ஊர் கடற்கரை ஊர் என்பதால் நமக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. 1860-ல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய். அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டன் என்று சாமி, மகாராணி, ராஜா மூவருக்கும் பங்கு வைத்துப் பெயர் போட்டார்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைப்பது திட்டம். கன்னியாகுமரி வரை அது எட்டவே இல்லை. ஆனால் பூவார்ப் பக்கமிருந்து தேங்காப்பட்டணம் வழியாகக் குளச்சல், மண்டைக்காடு வரை வந்தது. தேங்காய், உப்பு, கயிறு எல்லாம் வள்ளத்தில் போயின, கூடவே ஆட்களும் போனார்கள். கழை ஊன்றுகிறவர் பாட்டுப் பாடிக்கொண்டே போவார் என்றும், இருட்டிவிட்டால் கரையில் எந்தத் தென்னந்தோப்பு கிடைக்கிறதோ அங்கே வள்ளத்தைக் கட்டிவிட்டு வள்ளத்திலேயே படுத்துக்கொள்வார்கள் என்றும் என் வாப்பா சொல்வார். வாகனமே தங்குமிடம்! நடந்து வருகிற முசாபிர்கள் பள்ளிவாசல் வெளித்திண்ணையில் படுப்பார்கள், காலையில் யாராவது ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வரும் என்றும் சொல்வார். இன்று அந்தக் கால்வாய் பல இடங்களில் சாக்கடையாகவும் சில இடங்களில் வீட்டுக்கு வழியாகவும் ஆகிவிட்டது. அதைப்பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், தனிப் பதிவாக எழுதுகிறேன்.

ரயில் கதை வேறு. திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-ல். திருவனந்தபுரத்துக்குக் கொல்லம் வழியாக 1918-ல் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே கிடந்த நமக்கு? 1979-ல்தான் திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை திறந்தது. நாகர்கோவில் - திருநெல்வேலி 1981. நூறு வருஷத்துக்கும் மேலே ரயில் சத்தம் கேட்காமல் இருந்திருக்கிறோம். ஆகவே திருநெல்வேலியில் இறங்குகிறவர் அங்கிருந்து மாட்டு வண்டிதான் பிடிக்க வேண்டும். பியர் லோத்தி என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1899 கடைசியில் இப்படித்தான் பாளையங்கோட்டையிலிருந்து மாட்டு வண்டியில் திருவிதாங்கூருக்குள் வந்தார். மகாராஜாவின் விருந்தாளி. அப்படிப்பட்டவருக்கே காளை நடக்கிற வேகம்தான். 1903-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தப் பயணம் இருக்கிறது. மகாராஜாவின் விருந்தாளிக்கு வழியில் கூரை காத்திருக்கும். பின்னால் மூட்டையோடு நடந்து வருகிறவருக்கு அந்தக் கல்மண்டபம் கிடைத்தால் பாக்கியம்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது பஸ். 1938 பிப்ரவரி 20-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரைக் கூட்டிவந்து பொறுப்புக் கொடுத்தார்கள். முதலில் ஓடிய பாதைகளில் திருவனந்தபுரம் - நாகர்கோவிலும் ஒன்று. நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். அதாவது தமிழ்நாட்டில் சேருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே நாம் அரசு பஸ்ஸில் ஏறிவிட்டோம்! பஸ் வந்ததும் தங்குமிடம் இடம் மாறியது. வழியோரக் கல்மண்டபத்தில் ஆடு படுத்தது. பஸ் நிலையத்தைச் சுற்றி லாட்ஜ் முளைத்தது. நாகர்கோவில் வடசேரியிலும் மீனாட்சிபுரத்திலும் பழைய லாட்ஜ்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்துக்குள்தான். அங்கேயும் கால்தான் கணக்கு.

பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க முடியாது. ஊட்டுப்புரை செய்யாததை ஒரு டிக்கெட் செய்தது. முழுதாகச் செய்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில் மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண்ணை நாற்றம் என்று பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். நம் கடற்கரையிலிருந்து தலையில் கூடையோடு உள்நாட்டுச் சந்தைக்கு நடந்து நடந்துதான் அந்தப் பெண்கள் குடும்பத்தைக் காத்தார்கள். சுமைதாங்கிக் கல்லில் கூடையை வைத்து ஓய்ந்தவர்களில் அவர்களும் உண்டு. கல் அவர்களை இறங்கச் சொல்லவில்லை.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். பழைய மாணவர் ஒருவருடைய மகளின் கல்யாண வரவேற்பு, ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஹோட்டலில். பெயர் வேண்டாம். நானும் வீட்டுக்காரியும் பஸ்ஸில் கிளம்பினோம். கண்டக்டர் தம்பி டிக்கெட் கிழிக்கும்போதே சொன்னார், "அங்க ஸ்டாப்பு கெடையாது சாரே, முக்கில எறக்கி விடுறேன், நடந்துக்கிடுங்க." முக்கிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எனக்கு அது ஒரு நாழிகை, அவளுக்கு முழங்கால் வலி, ஒன்றரை நாழிகை. நடக்க ஓரம் இல்லை. ஒரு பக்கம் தடுப்புச் சுவர், மறுபக்கம் லாரி. வாசலில் காவலர் கேட்டார், "வண்டி எங்க சார் நிக்கி?" நடந்து வந்தோம் என்றதும் அவருக்குச் சீட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தச் சீட்டில் வண்டி நம்பருக்குத்தான் இடம் இருந்தது, ஆள் பெயருக்கு இல்லை. பாவம், அவர் என்ன செய்வார்.

இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் ஆட்டோ இல்லை. அப்போது பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற பெண்கள் நாலைந்து பேர் வேலை முடிந்து கிளம்பினார்கள். "இந்த வழியா வாங்க, பழைய ரோட்டுக்குப் போயிரலாம், கடைசி பஸ் கெடைக்கும்" என்று ஒருத்தி கூப்பிட்டாள். ரப்பர் தோட்டத்து ஓரமாக ஒற்றையடிப் பாதை. கையில் செல்போன் வெளிச்சம். தினமும் போகிற வழி அவர்களுக்கு. பாதி தூரத்தில் ஒரு பழைய கல்மண்டபம், ஒரு தூண் சரிந்து நின்றது. அதன் தளத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு, பையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். என் வீட்டுக்காரியும் உட்கார்ந்தாள். அந்த ஹோட்டலின் வரைபடத்தில் அந்தப் பெண்கள் எப்படி வருவார்கள், எப்படிப் போவார்கள் என்று ஒரு கோடுகூட இருந்திருக்காது. ஒரு விடுதிக்குக் கார் இல்லாமல் வருகிறவர்கள் விருந்தாளிகளைவிட வேலைக்காரர்கள்தான் அதிகம், அதுவும் தினமும்!

ஊருக்கு வெளியே கட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விவேகானந்தபுரம் இல்லையா? கன்னியாகுமரி ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. 1970-ல் பாறை நினைவு மண்டபம் கட்டி முடித்த ஏகநாத் ரானடே 1972-ல் கேந்திரத்தைத் தொடங்கினார். அது நாகர்கோவில் ரோட்டின் மேலேயே இருக்கிறது, வாசலில் பஸ் நிற்கும். ரயில் நிலையத்திலிருந்து பை கனமில்லை என்றால் நடந்தே போய்விடலாம். எங்கிருந்தோ வருகிற வடநாட்டு வயதானவர்கள் கூட்டம் கூட்டமாக அப்படிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். இடம் தூரமா பக்கமா என்பது இல்லை விஷயம், வழி யாரை நினைத்துப் போட்டது என்பதுதான்.

பஞ்சாயத்தில் கட்டட அனுமதி கொடுக்கும்போது கார் நிறுத்த எவ்வளவு இடம் என்று கேட்கிறார்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரை நடைபாதை உண்டா என்றும் ஒரு வரி கேட்டால் போதும், பெரிய செலவில்லை. இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கொடுப்பேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுப் பக்கம் வாருங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் இன்னும் நிற்கிற வழியம்பலம், சுமைதாங்கி எங்கெங்கே என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். சாலையை அகலப்படுத்தும்போது பலது போய்விட்டது. உங்கள் ஊரில் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த முக்கு, பக்கத்தில் கிணறு உண்டா, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிற வழி என்றும் சேர்த்து எழுதுங்கள். பாட்டிமாரிடம் கேட்டால் தெரியும். அவர்கள் நடந்த வழி அது.