குறவஞ்சி சொன்ன விடியல்: திருக்குற்றாலத்திலிருந்து பெத்லகேமுக்கு

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, குறவஞ்சி என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழும் நூலாகும். மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர்பெற்றது. சைவத் திருத்தலம் ஒன்றின் பெருமையைப் பாட எழுந்த இந்நூலின் அமைப்பை, அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில், திருநெல்வேலியில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் ஒருவர் தம் சமயத்தின் நடுநாயகமான நம்பிக்கையை, அதாவது உலகைச் சூழ்ந்த இருளை இறைவனின் ஒளி வென்றே தீரும் என்ற உறுதியைப் பாடுவதற்கு எடுத்துக்கொண்டார். அவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். நூல் பெத்லகேம் குறவஞ்சி. ஐரோப்பியக் குருமார்களின் பிரசங்கங்கள் தர இயலாத ஒரு வடிவத்தை அந்த நம்பிக்கைக்குத் தமிழ் மண்ணில் தந்தது குற்றால மலையடிவாரத்தில் முழுமை பெற்ற இந்தக் குறத்திப் பாட்டே என்பது, இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு விளங்கும்.

குறவஞ்சியின் கதை எளியது. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருகிறான். பந்தடித்து விளையாடிக்கொண்டிருந்த தலைவி அவனைக் கண்டு காதல் கொள்கிறாள். பவனி கடந்துபோகிறது, அவள் தனித்து நிற்கிறாள். பின்னர் வரும் பகுதியே இவ்வகை இலக்கியத்தின் உயிர்நிலை. பிரிவுத் துயரில் தலைவி நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைப் பழிக்கிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள், மணலில் வட்டம் வரைந்து, கோடுகள் கூடினால் தலைவன் வருவான் என்று பார்க்கும் ‘கூடல் இழைத்தல்’ என்னும் வழக்கத்தையும் கைக்கொள்கிறாள். எல்லாம் தோற்ற வேளையில் மலையிலிருந்து குறத்தி ஒருத்தி, கையில் மாத்திரைக்கோலும் இடுப்பில் கூடையுமாக, தன் மலை வளத்தையும் நாட்டு வளத்தையும் பாடிக்கொண்டு தெருவில் வருகிறாள். அவள் தரையை மெழுகச் சொல்கிறாள், கோலமிடச் சொல்கிறாள், பிள்ளையார் வைத்து நிறைநாழி வைக்கச் சொல்கிறாள்; தலைவியின் கையைப் பற்றி ரேகை பார்த்து, அவள் உள்ளத்தில் இருப்பவன் இன்னான் என்றும், அவன் உறுதியாக வந்து சேர்வான் என்றும் குறி சொல்கிறாள். குறத்தியின் கணவன் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைப்பதும், நூவன் என்ற துணைவனோடு அவன் அலைவதும், பரிசாகப் பெற்ற அணிகலன்களோடு நிற்கும் குறத்தியாகிய சிங்கியைக் கண்டு வியப்பதும் பிற்பகுதி.

இந்த அமைப்பில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். திருக்குற்றாலக் குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி தலைவனோடு சேர்ந்துவிட்டதாகக் காட்சி எதுவும் நமக்கு விரித்துக் காட்டப்படுவதில்லை. அவளுக்குக் கிடைப்பது குறத்தியின் வாக்கு. நூலின் மகிழ்ச்சி முழுவதும் அந்த வாக்கிலிருந்தே பெருகுகிறது. வரப்போகிறவன் இன்னும் வரவில்லை. ஆயினும் குறி கேட்டபின் தலைவி முன்னிருந்த தலைவியாக இல்லை. கிறிஸ்தவ இறையியலார் நம்பிக்கை என்று கூறுவது இந்நிலையையே ஆகும். மீட்பர் ஒருமுறை வந்து சென்றார், மீண்டும் வருவார், இடைப்பட்ட காலத்தில் திருச்சபை (விசுவாசிகளின் கூட்டம்) மணமகளைப் போல அவருக்காகக் காத்திருக்கிறது என்பது அச்சமயத்தின் அடிப்படைப் போதனை. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையில், மணவாளன் வரத் தாமதமாகி நள்ளிரவு ஆகும்வரை கையில் விளக்கும் எண்ணெயுமாகக் காத்திருக்கும் பெண்களின் நிலையும் இதுவே. பவனி கடந்தபின் இரவில் தனித்திருக்கும் தலைவியும் விளக்கேந்திய அக்கன்னியரும் ஒரே கவிஞரின் மனத்தில் சந்தித்தது தற்செயல் ஆகாது.

அக்கவிஞர் வளர்ந்த சூழல் இதற்குப் பொருத்தமாக அமைந்திருந்தது. வேதநாயகம் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை தேவசகாயம், புலமை மிக்கவர். அருகில் உள்ள பாளையங்கோட்டையில், தஞ்சையிலிருந்து வந்து குடியேறிய குளோரிந்தா என்ற மராத்திய பிராமணக் கைம்பெண் 1778-இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் (நீரால் திருமுழுக்குப் பெற்றுச் சபையில் சேரும் சடங்கு) பெற்று, அங்குள்ள சிறு கூட்டத்துக்குத் தாயாக விளங்கினார். 1780-இல் நாற்பது பேராக இருந்த அந்தச் சபைக்கு அவர் முயற்சியால் 1785-இல் ஓர் ஆலயம் எழுந்தது. அக்காலத்தில் திருநெல்வேலிக்கு வந்த சுவார்ட்ஸ், சிறுவன் வேதநாயகத்தின் திறமையைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தரங்கம்பாடியில் ஜெர்மானியக் குருமார்களிடம் இறையியலோடு வானியலும் பூகோளமும் உடற்கூற்றியலும் கற்று, பின்னர் தஞ்சையில் ஆசிரியரான வேதநாயகம், சுவார்ட்ஸின் மற்றொரு மாணவராகிய இரண்டாம் சரபோஜி மன்னருடன் நட்புப் பூண்டவர். சரபோஜியின் மீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடப்பட்டதும், அது பெரிய கோயிலில் ஆடப்பட்டதும் நினைக்கத்தக்கவை. தஞ்சையின் கண்ணும் காதும் குறவஞ்சிக்குப் பழகியிருந்த காலம் அது.

1800-இல் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சியில் தலைவன் பெத்லகேம் நாதராகிய இயேசு; தலைவி தேவமோகினி, சீயோன் குமாரத்தி எனப்படும் திருச்சபை. சிங்கி, சிங்கன், நூவன் என்ற பெயர்கள் மேலகரத்துக் கவிராயரின் நூலில் கண்டவையே. சாஸ்திரியார் அவற்றுக்கு முன் ‘ஞான’ என்ற அடையைச் சேர்த்து, குறத்தியை விசுவாசமாகவும், ஞானச் சிங்கனைக் குருவாகவும், ஞான நூவனை உபதேசியாராகவும் (குருவுக்குத் துணையாக ஊர்தோறும் வேதம் கற்பிக்கும் ஊழியர்) உருவகம் செய்தார். கண்ணியில் சிக்கும் பறவைகள் சபைக்குள் சேரும் ஆன்மாக்கள் ஆயின. மலை வளமும் நாட்டு வளமும் பாட வேண்டிய இடத்தில் உலகப் பூகோளமும், சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானியலும் நூலுக்குள் புகுந்தன. குற்றாலத்துத் திரிகூட மலையின் அருவியையும் குரங்கையும் பாடிய வாய்ப்பாட்டில் கோள்களின் இயக்கம் பாடப்பட்டபோது, தமிழ்ச் செய்யுள் அதைச் சிரமமின்றி ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் மிகத் துணிச்சலான மாற்றம் குறத்தியைப் பற்றியது. உபாகமம் என்ற பழைய ஏற்பாட்டு நூலின் 18-ஆம் அதிகாரம் குறி கேட்பதையும் நாள் பார்ப்பதையும் வன்மையாக விலக்குகிறது. மிஷன் சபைகளில் குறி கேட்கப் போன கிறிஸ்தவர் கண்டிக்கப்பட்டனர். அப்படியிருக்கக் கைரேகை பார்க்கும் குறத்தியையே விசுவாசத்தின் உருவமாக்குவதற்குப் பெரும் மனத்திடம் தேவை. சாஸ்திரியார் குறத்தியின் தொழிலை அகற்றவில்லை; அவள் வாக்குக்கு வேறோர் ஊற்றை அமைத்தார். கைரேகையிலிருந்து வரும் குறி, தீர்க்கதரிசிகள் (இறைவனின் செய்தியை முன்னுரைத்தவர்கள்) உரைத்த வாக்காக மாறியது. காணாததை உறுதியாகச் சொல்லுதல் என்ற பண்பு குறத்திக்கும் தீர்க்கதரிசிக்கும் பொது. ஏழையும் அந்நியளுமாகிய நாடோடிப் பெண் அரச மகளுக்கு ஆறுதல் சொல்லும் காட்சியில், மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரை முதலில் அறிந்தவர்கள் இரவில் மந்தை காத்த ஆயர்கள் என்ற நற்செய்தியின் சுவையும் கலந்துவிடுகிறது. சமயங்களுக்கு இடையே இலக்கிய வடிவங்கள் பெயர்ந்த வரலாற்றில் இதனினும் நுட்பமான ஓர் எடுத்தாளுகை தமிழில் அரிது.

ஒளியைப் பற்றிய சிந்தனைக்கும் குறவஞ்சி மரபு ஆழம் சேர்க்கிறது. தமிழ்க் காதல் மரபில் நிலவொளி பிரிந்தவரைச் சுடும். நிலவைப் பழித்தல், வடமொழியில் சந்திரோபாலம்பனம், குறவஞ்சியின் நிலையான உறுப்புகளுள் ஒன்று. வசந்தவல்லியும் வெண்ணிலாவை நோக்கி முறையிடுகிறாள். வெளிச்சம் இருந்தும் தலைவன் இல்லாவிடில் அது துன்பமே என்ற இந்த உணர்வோடு, புதிய ஏற்பாட்டின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தைப் படித்தால் அது புதுப்பொருள் கொள்கிறது. அங்கே மணமகளாக அலங்கரிக்கப்பட்டு இறங்கிவரும் நகரத்துக்குச் சூரியனும் சந்திரனும் வேண்டுவதில்லை, இறைவனே அதன் ஒளி என்று கூறப்படுகிறது. நிலவை நொந்த தலைவிக்கு இதைவிட நிறைவான விடை இருக்க முடியாது. ஐரோப்பிய வாசகருக்கு இருளின் எதிர்ச்சொல்லாக மட்டும் தோன்றக்கூடிய ஒளி, குறவஞ்சி கேட்டு வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவருக்கு ஒருவரது வருகையாகவே பொருள்பட்டது. திருவருகைக் காலம் எனப்படும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு வாரங்களின் வழிபாட்டு உணர்வும் இதுவே.

இருள் எது என்பதில் சாஸ்திரியாரின் பார்வை எங்கும் ஒன்றுபோல் தெளிவாக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிற சமய வழக்கங்களைக் குருட்டு வழி என்று கடிந்து எழுதியவர், தஞ்சைச் சபைக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்கப் புதிய குருமார்கள் முனைந்தபோது, வேளாளக் கிறிஸ்தவர்களின் பக்கம் நின்று, தனித்து அமரும் வழக்கத்தைக் காத்து 1829-இல் வாதாடினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையிலிருந்து உடனடியாகவும் முழுமையாகவும் நீங்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்ததும் பலர் சபையை விட்டு விலகினர். பறவைகள் அனைத்தும் ஒரே கண்ணியில் சேர்வதைப் பாடிய கவிஞர் ஆலயத்துக்குள் அதை ஏற்க மறுத்தது அவர் வாழ்வின் பெருங்குறை. அவருடைய பாட்டின் உயரத்தைக் கொண்டே அக்குறையின் அளவும் தெரிகிறது. அதே காலத்தில், 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய மிஷனரி இரேனியஸ் ஐயர், தம் பள்ளி மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

இரேனியஸ் 1838-இல் மறைவதற்குள் திருநெல்வேலிச் சீமையெங்கும் உபதேசியார்களைக் கொண்ட சிற்றூர்ச் சபைகள் பரவின. மேற்கே நல்லூரும் சுரண்டையும் நாளடைவில் மிஷன் நிலையங்களாயின. நாள் முழுதும் வயலிலும் பனங்காட்டிலும் உழைத்தவர்கள் மணியோசை கேட்டு மாலையில் கூடிச் செபிக்கும் வழக்கம் இச்சபைகளில் வேரூன்றியது. எழுத்தறியாதவர்கள் மிகுந்த அக்கூட்டங்களில் வேதத்தை மனத்தில் இருத்தியது பாட்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அச்சேறிச் சபைதோறும் சென்றன. இவ்வாறு பொதிகைச் சாரலில் முழுமை பெற்ற பாட்டு மரபு, தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று, கீர்த்தனை நூலின் வழியே தான் பிறந்த சீமைக்கே திரும்பி வந்தது.

1864-இல் சாஸ்திரியார் காலமானபோது, பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை கிறிஸ்தவராகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் குறவஞ்சியை நாடவில்லை. கம்பரின் விருத்தத்தை எடுத்துக்கொண்டு, ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி, நாச நகரத்தை விட்டு ஒளி நகரத்தை நோக்கி நடக்கும் யாத்திரிகனைப் பாடினார். இரட்சணிய யாத்திரிகம் என்ற அந்நூல் 1894-இல் வெளிவந்தது. காத்திருக்கும் தலைவியின் இடத்தில் நடந்துசெல்லும் மனிதன் வந்தான். குறத்தியின் வாக்கு நின்ற இடத்தில் வழிகாட்டும் வேதப் புத்தகம் நின்றது. ஒரே சீமையின் இரு கவிஞர்களுள், விடியலைக் காத்திருந்து பெறுவதாகப் பாடியவர் முன்னவர். நடந்து அடைவதாகப் பாடியவர் பின்னவர். காவியப் பெருமை பின்னவருக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம்பிக்கை என்பது பிறர் வாயிலாகக் கேட்டுப் பெறும் நற்செய்தி என்ற நுட்பத்தை, குற்றாலத்துக் குறத்தியைத் துணைக்கொண்ட சாஸ்திரியாரே முழுமையாகப் பாடியிருக்கிறார்.