ஒரு கட்டத்துக்குள் அடங்காத வருமானம்: ஒட்டுசுட்டானிலிருந்து மகாபொலத் தகுதிகாண் முறையை நோக்குதல்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் சந்திக்கு வந்து பேராதனைக்கோ மாத்தறைக்கோ பஸ் ஏறும் பிள்ளைக்கு அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் உண்டு. அந்தச் சுமையைத் தாங்கவே 1981இல் மகாபொல நம்பிக்கை நிதியம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொலக் கொடுப்பனவை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் நிதியுதவியை 4,000இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தியது. தொகை கூடியது நல்லது. அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே என் கேள்வி.

திறமைக்கு வழங்கப்படும் பகுதி நீங்கலாக, மகாபொல குடும்ப வருமானத்தைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. வருமானத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. கடன் கழிந்து கைக்கு வருவது பாதியானாலும் மொத்தத் தொகை அதில் பளிச்செனத் தெரியும். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் என்று எதைச் சொல்வது? காலபோகம் விளைந்தாலும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத ஆண்டு உண்டு. யானை புகுந்து அழித்த ஆண்டும் உண்டு. நெல் விற்ற காசில் அடைவு நகை மீள்கிறது. அடுத்த விதைப்புக்கு அதே நகை மறுபடியும் வங்கிக்குப் போகிறது. 2009இல் போரில் கணவனை இழந்து, கச்சான் பிடுங்கும் நாட்கூலியில் பிள்ளையைப் படிப்பித்த தாய்க்கு அடுத்த கிழமை எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதே தெரியாது. படிவத்திலோ ஒரே ஒரு கட்டம். அதில் ஓர் எண் விழுந்தாக வேண்டும். அலுவலர் தன் அறிவுக்கு எட்டிய மதிப்பை எழுதுகிறார். அவரில் பிழையில்லை, அளக்க முடியாததை அளக்கச் சொன்ன முறையில்தான் பிழை.

2023இல் தொடங்கிய அரச நலன்புரித் திட்டமான அஸ்வெசும, வருமானத்தை மட்டும் நம்பாமல் 22 குறிகாட்டிகளால் வறுமையை மதிப்பிட முனைந்தது. அதுவும் முழு விடையல்ல. போருக்குப் பின் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு, உள்ளே அரிசிப் பானை வெறுமையாக இருந்தாலும், வசதியின் அடையாளமாகத் தோன்றிவிடலாம். தெரிவுசெய்து கொடுக்கும் உதவியில் தகவல் திரிபும் நிர்வாகச் செலவும் அவமானமும் சேர்ந்தே வரும் என்று அமர்த்தியா சென் 1995இல் எடுத்துக்காட்டியது இங்கு நினைக்கத்தக்கது.

அரசின் கையிலேயே இன்னொரு அளவுகோல் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 5 வீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒட்டுசுட்டான் அடங்கும் முல்லைத்தீவு அவற்றில் ஒன்று. 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி இங்கு வறியோர் 44.5 வீதம், நாட்டின் மாவட்டங்களுள் இதுவே மிகக் கூடியது. அனுமதிக்கும்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்த மாவட்டக் குறைபாட்டை, உதவி வழங்கும்போது மட்டும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருப்பது முறையன்று.

வசதியான வியாபாரியின் பிள்ளையும் பெற்றுவிடுமே என்பார்கள். பெறும். அத்தகையோர் ஒட்டுசுட்டானில் ஒரு சிலரே; அவர்களைத் தடுக்க விரிக்கும் வலையில் வறிய பிள்ளையும் அகப்பட்டு வெளியே தள்ளப்படுவதுதான் பெரிய இழப்பு. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து அனுமதி பெறும் எல்லா மாணவருக்கும் நிதியுதவியை இயல்பான உரிமையாக்குங்கள். உயர்ந்த, நிலையான வருமானம் ஆவணத்தால் உறுதியாகும் குடும்பங்களை மட்டும் விலக்குங்கள். நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையதாக இருக்கட்டும். கச்சான் தோட்டத்தில் நிற்கும் தாயினுடையதாக வேண்டாம்.