கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் 2023: அதிகாரமும் அதைச் செலுத்தும் ஆளும்

கேரளம் தனி மாநிலமானது 1956இல். அதன் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றானதோ 2023இல். இடைப்பட்ட காலம் முழுவதும் மலபாருக்கு 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், திருவனந்தபுரம் உள்ளிட்ட தென்பகுதிக்கு 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமும் செல்லுபடியாயின. 2023 மார்ச்சில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநர் மாளிகையில் காத்துக் கிடந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடிய பின், நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது.

புதிய சட்டம் அதிகாரத்தை மூன்று படிகளாக அமைக்கிறது: மாநிலத்தில் சுகாதாரப் பணிகள் இயக்குநர், மாவட்டத்தில் மாவட்ட மருத்துவ அலுவலர், உள்ளாட்சி அளவில் அங்குள்ள அரசு மருத்துவ அலுவலர். இந்த அடுக்கின் கடைசிப் படியில்தான் சட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் டெங்கு, எலிக்காய்ச்சல் நோயாளிகளால் புறநோயாளர் பிரிவு நிரம்புகிறது. அதே மருத்துவர்தான் கிணற்று நீரைச் சோதிக்கவும், ரப்பர் தோட்டத்துச் சிரட்டைகளில் தேங்கும் நீரில் கொசு பெருகுவதைத் தடுக்கவும், விதியை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கவும் பொறுப்பாகிறார். சுகாதார ஆய்வாளர்கள் துணை நின்றாலும் முடிவு அவருடையது. வரிசையில் நிற்கும் நோயாளியை விட்டுவிட்டு அவர் கொசுவைத் தேடிப் போக முடியாது.

எல்லைச் சிக்கல் இன்னும் கடுமையானது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயைத் தூய்மைப்படுத்த இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அங்கே குவிந்திருந்த கழிவுக்கு யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. இத்தகைய பெரிய நிறுவனங்களைப் பணியவைக்கும் வலு உள்ளூர் மருத்துவ அலுவலர் ஒருவருக்குத் தனியாக வாய்க்காது.

மருத்துவமும் நோய்த்தடுப்பும் ஒருவர் கையில் இருப்பதே ஒருங்கிணைப்புக்கு நல்லது என்பர் சிலர். அக்கருத்தில் நியாயம் உண்டு. நோய் பரவுவதை முதலில் காண்பவர் மருத்துவரே. ஆனால் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் நெடுங்காலமாக இயங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அதன்கீழ்தான் உள்ளன. அங்கே மருத்துவர் விலக்கப்படவில்லை. நோய்த்தடுப்பையே முழுநேரப் பணியாகக் கொண்ட அலுவலர்கள் அவருக்கு மேலே இருக்கிறார்கள். கேரளத்திலோ இரு பணிகளையும் ஒரே இயக்குநரகம் சுமக்கிறது.

1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் ஒப்படைத்த மாநிலம் கேரளம். அந்த வலிமையோடு தனிப் பொதுச் சுகாதாரப் பணிப்பிரிவும் சேர வேண்டும். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் முழுநேரப் பொதுச் சுகாதார அலுவலரை அரசு நியமிக்க வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களின் வளாகங்களிலும் அவரது உத்தரவு செல்லும்படி விதிகள் வகுக்கப்பட வேண்டும். அறுபத்தேழு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற சட்டம் இதற்குக் குறைந்த எதனோடும் நிறைவடையக் கூடாது.